கப்பலில் வந்த காகம்



இன்று நாம் பேசப் போவது அரசர்களைப் பற்றியோ போர்களைப் பற்றியோ அன்று. லயத்து வேலியில் உட்கார்ந்து கரைகின்ற காகத்தைப் பற்றித்தான். காகத்துக்கும் ஒரு சரித்திரமா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. நம் பாட்டன் பூட்டன் கதையோடு பின்னிக் கிடக்கும் சரித்திரம் அது.

என் பாட்டி 1930-களின் நடுவில், சிறு பெண்ணாக இருந்தபோது, தாய் தகப்பனோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர். பிறகு செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் பால் வெட்டினார். அவர் அடிக்கடி ஒரு குறை சொல்வார். "வந்த புதுசுலே அமாவாசைக்குச் சோறு வெச்சா, எடுக்க ஒரு காக்கா வராதுப்பா. காட்டு ஓரத்திலேருந்து எப்பவாச்சும் அண்டங்காக்கா ஒண்ணு வரும். இல்லாட்டி மைனா தின்னுட்டுப் போயிடும். பெத்தவங்களுக்குச் சோறு போய்ச் சேரலையேன்னு எங்கம்மா அழுவா" என்பார்.

சிறு வயதில் இதைக் கேட்டு நான் சிரித்ததுண்டு. காகம் இல்லாத ஊர் உலகத்தில் உண்டா என்று நினைத்தேன். பின்னாளில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்தபோது, நூலகத்தில் பறவைகளைப் பற்றிய ஒரு நூலைப் புரட்டினேன். அப்போதுதான் பாட்டி சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை என்று தெரிந்தது. கழுத்தில் சாம்பல் நிறமுள்ள ஊர்க்காகம் இந்த மலாயா மண்ணின் பறவையே அன்று. அது இலங்கையிலிருந்து கூண்டில் அடைத்துக் கொண்டுவரப்பட்ட பறவை.

இந்த இடத்தில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். இந்நாட்டுக் காடுகளிலும் கடலோரங்களிலும் தொன்றுதொட்டு வாழ்ந்து வருவது அண்டங்காக்கை. உடல் முழுவதும் கறுப்பு, தடித்த அலகு, கனத்த குரல். ஊர்க்காகம் அதைவிடச் சற்றுச் சிறியது. பிடரியும் கழுத்தும் மார்பும் சாம்பல் பூத்திருக்கும். அண்டங்காக்கை மனிதனை விட்டு விலகியும் வாழும். ஊர்க்காகத்துக்கு அது முடியாது. மனிதனின் குப்பையும் எச்சிலும் இருக்கும் இடத்தில்தான் அதற்குப் பிழைப்பு. மலாய்க்காரர்கள் அதற்கு 'காகாக் ரூமா', அதாவது வீட்டுக்காகம், என்று பெயர் வைத்திருப்பது மிகப் பொருத்தம்.

சரி, இலங்கையிலிருந்து இதை இங்கே கொண்டுவந்தவர் யார்? எதற்காகக் கொண்டுவந்தார்கள்? இதற்கு விடை தேடினால் நாம் காப்பித் தோட்டத்துக்குப் போக வேண்டியிருக்கும்.

இலங்கை என்றால் இன்று தேயிலை. ஆனால் 1870-களில் இலங்கை மலைநாடு முழுவதும் காப்பிதான். 1869-ஆம் ஆண்டில் அந்தக் காப்பிச் செடிகளின் இலைகளில் செம்மஞ்சள் நிறத் துரு படியத் தொடங்கியது. ஒருவகைப் பூஞ்சணத்தால் வந்த இலைத்துரு நோய் அது. பதினைந்து இருபது ஆண்டுகளுக்குள் இலங்கைக் காப்பி அழிந்தே போயிற்று. முதலிழந்த துரைமார்கள் சிலர் தேயிலைக்கு மாறினார்கள். சிலர் மூட்டை கட்டிக்கொண்டு மலாயாவுக்கு வந்து, சிலாங்கூரிலும் பேராக்கிலும் சுங்கை ஊஜோங்கிலும் காடழித்து மறுபடியும் காப்பி நட்டார்கள். தாழ்நிலத்தில் விளையக்கூடிய லைபீரியக் காப்பி என்ற வகை அது. 1890-களில் கிள்ளான் வட்டாரத்தில் காப்பித் தோட்டங்கள் பெருகின.

அந்தத் துரைமார்கள் வெறுங்கையோடு வரவில்லை. இலங்கையில் பழகிய வழக்கங்கள் எல்லாவற்றையும் கூடவே கொண்டுவந்தார்கள். கங்காணியை ஊருக்கு அனுப்பி ஆள் கட்டும் முறை அவற்றுள் ஒன்று. நம் முன்னோரில் பலர் இந்நாட்டுக்கு வந்தது அந்த வழியில்தான். இதற்கு முன்பே, 1830-கள், 40-கள் தொட்டுச் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்திருந்தார்கள். பத்து காவானிலும் நிபோங் திபாலிலும் இன்றும் பழைய தமிழ்க் குடும்பங்கள் இருப்பது அதனால்தான். ஆனால் கங்காணி முறை வேரூன்றியது காப்பியோடும், பிறகு ரப்பரோடும்.

கிள்ளான் பக்கத்துக் காப்பியில் புழு விழுந்தது. இலைகளை மொட்டையடித்துக் காம்பை மட்டும் விட்டுவைக்கும் புழு. புழுப் பொறுக்க ஆள் வைத்துக் கட்டுப்படியாகவில்லை. அப்போது இலங்கையிலிருந்து வந்தவர்களுக்குத் தோன்றியது ஒரு யோசனை. அங்கே தோட்டத்துக்குத் தோட்டம் காகம் உண்டு, காகம் புழுவைத் தின்னும், அதைக் கொண்டுவந்து விட்டால் என்ன? இப்படித்தான் 1890-களில் கூண்டு கட்டி, கப்பலேற்றி, காகங்களைக் கிள்ளானில் கொண்டுவந்து விட்டார்கள்.

இது வாய்வழிக் கதை அன்று. 1903-ஆம் ஆண்டில் கொழும்பு அருங்காட்சியகம் வெளியிட்டு வந்த ஆய்வு இதழில், இலங்கைக் காகத்தை மலாயாவில் குடியேற்றியதைப் பற்றி ஒரு கட்டுரையே வந்திருக்கிறது. அதை எழுதியவர்களில் ஒருவர் அருங்காட்சியகத்தின் இயக்குநர் ஆர்தர் வில்லி. இன்னொருவர் கேரி என்ற தோட்டத் துரை. இன்னொருவர் டிரீச்சர், அப்போது ஐக்கிய மலாய் மாநிலங்களின் தலைமை ரெசிடெண்டு. நாட்டை ஆண்ட பெரிய அதிகாரியே காகத்தின் குடியேற்றத்தைப் பற்றி உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்றால் பாருங்கள்! அதே காலத்தில் கப்பலில் வந்த கூலிக்காரர்களின் பெயர்கள் கணக்குப் பேரேட்டில் பாதி பிழையாகவும் பாதி எண்ணாகவும் கிடக்கின்றன. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் சரித்திரம் படிக்கிறவர்கள் இதைக் கவனிக்காமல் போகக் கூடாது.

காகம் புழுவைத் தின்றதா? கொஞ்சம் தின்றிருக்கும். ஆனால் அது எதையும் தின்னும் பறவை. மீன் தலையும் சோற்றுப் பருக்கையும் கோழிக்குஞ்சும் கிடைக்கிற ஊரில், வெயிலில் செடி செடியாகப் புழு தேட அதற்கு என்ன தலையெழுத்து? அதற்குள் காப்பியின் கதையும் முடிந்துவிட்டது. பிரேசில் நாட்டுக் காப்பி உலகச் சந்தையில் வந்து குவிய, விலை சரிந்தது. 1896-இல் மலாக்காவில் டான் சாய் யான் என்ற சீன வணிகர் ரப்பரைத் தோட்டப் பயிராக நட்டுக் காட்டியிருந்தார். அடுத்த சில ஆண்டுகளில் சிலாங்கூர்த் துரைமார்களும் காப்பியைப் பிடுங்கிவிட்டு ரப்பருக்கு மாறினார்கள். காப்பி போயிற்று, புழுவும் போயிற்று. காகம் மட்டும் வேலையில்லாமல் கிள்ளானில் தங்கிவிட்டது.

இதற்குப் பின் நடந்ததுதான் எனக்கு வியப்பு. கொண்டுவந்து விட்ட உடனே நாடு முழுவதும் காகம் பரவிவிடவில்லை. பல்லாண்டுகள் கிள்ளானையும் அதன் துறைமுகத்தையும் சுற்றியே அது வாழ்ந்தது. பாட்டியின் தாயார் செபராங் பிறையில் இலையில் சோறு வைத்துக் காத்திருந்தபோது, காகம் எல்லாம் தெற்கே கிள்ளானில் இருந்தது. சிங்கப்பூரில் அது 1940-களில்தான் கண்ணில் பட்டது. நாடு விடுதலை பெற்று, பட்டணங்கள் பெருத்து, குப்பைமேடுகளும் உணவுக் கடைகளும் சந்தைகளும் வளர்ந்த பிறகு அதற்குப் பொற்காலம் பிறந்தது. கோலாலம்பூர், சிரம்பான், ஈப்போ என்று ஊர் ஊராக ஏறி வந்தது. கப்பலில் ஒட்டிக்கொண்டு துறைமுகத்துக்குத் துறைமுகம் போவதும் ஊர்க்காகத்தின் பழைய வழக்கம். நம் பினாங்குத் தீவிலும் பட்டர்வொர்த்திலும் இன்று மாலை ஆனால் மரம் கறுத்துப்போகும் அளவுக்குக் காகம் அடைகிறது. பாட்டியின் கடைசிக் காலத்தில் அமாவாசைச் சோற்றுக்கு ஐந்தாறு காகம் சண்டை போட்டன. அவர் முகத்தில் இருந்த நிறைவை நான் மறக்கவில்லை.

ஆனால் ஊரில் மற்றவர்களுக்கு அந்த நிறைவு இல்லை. காகத்தின் எச்சமும் இரைச்சலும் பட்டணத்துக்குத் தொல்லை. குப்பைப் பையைக் கிழித்துத் தெருவெல்லாம் இறைக்கிறது. இதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. சின்னப் பறவைகளின் கூட்டில் முட்டையையும் குஞ்சையும் தூக்கிக்கொண்டு போய்விடும். தேன்சிட்டும் கொண்டைக்குருவியும் தையல்சிட்டும் நம் வீட்டுச் செம்பருத்தியில் கூடு கட்டினால், காகம் அடையும் ஊரில் குஞ்சு பிழைப்பது கடினம். ஆகவே கிள்ளானிலும் வேறு பல ஊர்களிலும் நகராண்மைக் கழகத்தார் துப்பாக்கிக்காரர்களை வைத்துக் காகங்களைச் சுட்டிருக்கிறார்கள். சுடச் சுடக் குறைகிறது. குப்பை இருக்கும் வரை மறுபடியும் பெருகுகிறது. நான் அறிந்தவரையில், குப்பைத்தொட்டிக்கு நல்ல மூடி போடுவதும் இதற்கு ஒரு மருந்து. ஆனால் துப்பாக்கிச் சத்தம் செய்தித்தாளில் வரும், மூடி வராது.

இந்த ஏமாற்றம் மலாயாவுக்கு மட்டும் உரியதன்று. ஆப்பிரிக்காவின் கீழ்க் கரையில் சான்சிபார் என்றொரு தீவு. அங்கேயும் அதே 1890-களில் ஆங்கிலேயர்கள் ஊர்க்காகத்தைக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே புழுவுக்காக அன்று, தெருக்குப்பையைத் தின்று சுத்தம் செய்வதற்காக. அங்கிருந்து அது பெருநிலத்துக்குத் தாவி, கென்யா நாட்டுக் கடற்கரை முழுவதும் பரவியது. 2024-ஆம் ஆண்டில் கென்யா அரசின் வனவிலங்குத் துறை பத்து லட்சம் காகங்களைக் கொல்லப் போவதாக அறிவித்தது. துப்புரவுத் தொழிலாளியாக அழைத்து வந்த பறவையை, நூற்று முப்பது ஆண்டு கழித்து லட்சக் கணக்கில் ஒழிக்கப் பார்க்கிறார்கள்.

இந்தக் கதையை ஐந்தாம் வகுப்பில் ஒருமுறை சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் ஒரு பையன் எழுந்து நின்றான். "சார், அப்படின்னா காக்கா வந்தேறியா சார்?" என்றான்.

வகுப்பே அமைதியாகிவிட்டது. அந்தச் சொல்லை அவன் எங்கே கேட்டான் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை. தோட்டம் விற்கப்பட்டு வீடு காலி செய்யச் சொன்னபோது ஏதோ ஒரு தகராறில் யாரோ அவன் அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். பள்ளிக்கூட வேனில் கேட்டிருக்கலாம். நான் அவனுக்கு உடனே விடை சொல்லவில்லை. கரும்பலகையில் மூன்று கேள்வி எழுதினேன். கொண்டுவந்தவர் யார்? எதற்காகக் கொண்டுவந்தார்? வேலை முடிந்ததும் என்ன செய்தார்? இந்த மூன்றுக்கும் விடை எழுதச் சொன்னேன். அந்தப் பையன் மூன்றாவதற்கு எழுதியிருந்தான்: "அப்படியே விட்டுட்டுப் போயிட்டாரு."

மனிதனையும் காகத்தையும் ஒன்றாக வைத்துப் பேசுவது எனக்கு உடன்பாடன்று, அதையும் பிள்ளைகளிடம் சொன்னேன். காகம் காட்டைத் திருத்தவில்லை, ரயில் பாதை போடவில்லை, கொசுக்கடியிலும் மலேரியாவிலும் செத்து இந்நாட்டு ரப்பரை உலகுக்குக் கொடுக்கவில்லை. நாமோ 1957-க்குப் பின் இந்நாட்டுக் குடிமக்கள். ஒரு பறவையைப் பற்றி 'வெளியிலிருந்து வந்தது' என்று சொல்வது பறவை நூலார் கணக்கு, அவ்வளவே.

தோட்டத்துக்கு வந்த பறவைகள் எல்லாம் காகத்தைப் போல ஏமாற்றிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்ட காலத்தில் எலித் தொல்லை பெருகிற்று. செம்பனைப் பழத்தை எலி கொறித்து நாசமாக்கும். அந்தச் செம்பனையைத் தேடித் தானாக வந்த பறவை கூகை. வெண்ணிற முகமும் தட்டு வட்டமும் கொண்ட ஆந்தை வகை. 1960-கள் வரை இந்நாட்டில் மிக அரிதாகக் காணப்பட்ட பறவை அது. எலியும் செம்பனையும் பெருகவே தென்பகுதியில் முட்டையிட்டுப் பெருகி, வடக்கே பரவிற்று. 1970-களிலும் 80-களிலும் ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். ஓர் இணைக் கூகையும் அதன் குஞ்சுகளும் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல் எலி தின்னும் என்று கண்டார்கள். அதன்பின் தோட்டங்களில் கம்பம் நட்டு மரப்பெட்டி வைத்துக் கூகைக்குக் குடியிருப்பு அமைத்துக் கொடுத்தார்கள்.

நம்மவர்களுக்குக் கூகை என்றால் அச்சம். இரவில் அலறினால் வீட்டில் சாவு என்பார்கள். மலாய்க்காரர்களோ ஆந்தைக்கே 'பூரோங் ஹந்து', பேய்ப்பறவை, என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் லயத்துக்கு அருகே பெட்டி வைத்தபோது, பெண்கள் சேர்ந்து போய்ப் பெட்டியை எடுக்கச் சொன்னார்கள். பெட்டி தள்ளி வைக்கப்பட்டது. இரண்டாண்டு கழித்து அதே தோட்டத்தில் கடுமையான எலி விஷம் வைத்தார்கள். விஷம் தின்ற எலியைத் தின்று கூகைகள் மடிந்தன. பெட்டியின் அடியில் கிடந்த ஒன்றைப் பள்ளிப் பிள்ளைகள் எடுத்து வந்து காட்டினார்கள். விஷத்தை வைத்தவர்கள் அந்தப் பிள்ளைகளின் தாய்மார்கள்தான். என்ன விஷம், கைகளில் பட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்கும் யாரும் சொல்லவில்லை. இது புதிய செய்தியும் அன்று. வீரியம் மிக்க விஷம் வந்த இடங்களில் கூகை குறைகிறது என்று 1980-களிலேயே எழுதியிருக்கிறார்கள். இப்போது பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் கூகையைக் கொண்டு எலியை அடக்குவது பற்றித் தொடர்ந்து ஆய்வு செய்து வருகிறார்கள்.

பறவையை விட்டுச் சற்று விலகி இன்னொரு விருந்தாளியையும் நினைத்துக்கொள்வோம். 1981-க்கு முன் செம்பனைப் பூவுக்கு மகரந்தத் தூளைக் கையால் தூவ வேண்டியிருந்தது. முள்ளில் கை கிழியக் கிழிய நம் பெண்கள் செய்த வேலை அது. அந்த ஆண்டில் ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டிலிருந்து ஒரு சிறு வண்டைக் கொண்டுவந்து ஜொகூரில் விட்டார்கள். செம்பனைப் பூவைத் தவிர வேறெதையும் அது நாடுவதில்லை என்று முன்னதாகவே சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள். வண்டு அந்த வேலையை எடுத்துக்கொண்டது, விளைச்சலும் ஏறியது. தூள் தூவும் வேலைக்கு ஆள் தேவைப்படாமல் போயிற்று. கிள்ளானில் காகத்தை விட்டவர்கள் இப்படி ஒரு சோதனை செய்து பார்த்ததாகத் தெரியவில்லை. இரண்டு கதைக்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

காகத்துக்கே திரும்பி வருகிறேன். அது தன்னோடு இன்னொருவரை அழைத்து வந்த செய்தி பலருக்குத் தெரியாது. குயில் கூடு கட்டாது, காகத்தின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும் என்று நாம் அறிவோம். இந்நாட்டுக்குக் குயில், வடக்கே குளிர்காலமாக இருக்கும் மாதங்களில் வந்து போகும் விருந்தாளியாகத்தான் பெரும்பாலும் இருந்தது. பட்டணங்களில் ஊர்க்காகம் பெருகிய பிறகு அதற்குக் கூடு கிடைத்துவிட்டது. கடந்த சில பத்தாண்டுகளில் அது இங்கேயே முட்டையிட்டுத் தங்கிவிட்டது. காகம் அடையும் ஊர்களில் இன்று விடியற்காலையில் கேட்கும் அந்தக் 'கூ' என்ற குரல், நம் பாட்டிமார்கள் இங்கே வந்த காலத்தில் பெரும்பாலும் கேட்காத குரல். அவர்களுக்குக் குயில் தாலாட்டிலும் ஊர் நினைவிலும்தான் இருந்தது.

என் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு பழைய மழைமரம் நிற்கிறது. அதில் காகக் கூடு ஒன்று இருக்கிறது. சென்ற ஆண்டு அதிலிருந்து தத்தித் தத்தி வெளிவந்த குஞ்சுக்குப் புள்ளி புள்ளியாக இறகு இருந்தது. காகம் அதற்கு மும்முரமாக இரை ஊட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் ஓடிவந்து என்னைக் கூப்பிட்டார்கள். அந்தக் கடைசி வரிசைப் பையன் மட்டும் கூப்பிட வரவில்லை. மரத்தடியில் நின்று, அண்ணாந்து, எண்ணிக்கொண்டிருந்தான்.